எதிர்ச்சுவர்க்காரன் சொல்லாமல் கையை எடுக்காதே

கூரைக்கு டிரஸ் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், கிளியனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து எல்லோரையும் மிரட்டி ஹெல்மெட் போட வைக்கும் அந்த சைட் இன்ஜினியர் பெண்ணுக்கும் இதைச் சொல்கிறேன். ஆங்கிளை எப்படி வெட்டுவது, வெல்டிங் எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரியாவிட்டாலும் போனில் பார்த்துக்கொள்வீர்கள். போனில் கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஒன்றைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வாய் வரவில்லை.

டிரஸ்ஸைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு முக்கோணமாக நிற்கும் அந்த இரும்புச் சட்டம், மேலிருந்து வரும் பாரத்தை அசராமல் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் யாராவது தள்ளினால் நிற்கத் தெரியாது. ஒரு டிரஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கம்பி மாட்டினால்தான் அதற்குத் தைரியம் வரும். நாங்கள் அதைக் கிராஸ் என்போம். கிராஸ் மாட்டும்வரை டிரஸ்ஸை நம்பாதீர்கள். அது நின்றுகொண்டிருக்கிறது என்பது உங்கள் நினைப்பு மட்டும்தான்.

சுவருக்கு ஒருவராக இரண்டு பேர் மேலே நிற்போம். ஒருவன் தன் பக்க முனையைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் தன் பக்கத்து போல்ட்டை மாட்டுவான். எதிர்ச்சுவரில் நின்றவனும் நானும் அப்படிப் பதினாறு வருஷம் வேலை செய்தோம். அவன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வளைகுடாவிலிருந்து போன் போட்டுத் திட்டுவான். மரக்காணத்துக்காரன், என் வயதுதான். நான் பிரம்மதேசத்துப் பக்கம். அவன் வீட்டு நோன்புக் கஞ்சியில் எனக்குப் பங்கு உண்டு, எங்கள் வீட்டுப் பொங்கலில் அவனுக்குப் பங்கு உண்டு. சண்டையிலும் ஆளுக்குப் பாதி.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பிடித்துக்கொண்டிருப்பவன் "வுடட்டுமா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் எதிரில் இருப்பவனுக்குப் பதற்றம் வரும். நட்டை அரைகுறையாக மாட்டிவிட்டுச் சரி என்பான். போல்ட் மாட்டுகிறவன் தன் வேலை திருப்தியாக முடிந்த பிறகு, தானாக "வுடு" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கை கழன்று விழுந்தாலும் பிடித்திருக்க வேண்டும்.

உப்புக் கிடங்கு ஒன்றுக்குக் கூரை போட்ட நாளை நினைத்தால் இப்போதும் என் தோள் வலிக்கும். நான் பிடித்திருக்கிறேன், அவன் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. கீழே உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாய்யா, தேரு இழுக்குறியா?" என்று ஒருத்தி கேட்டாள். கிடங்குக்காரர் கத்த ஆரம்பித்துவிட்டார்.

அவன் நிதானமாகக் குனிந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். டிரஸ்ஸின் காலில் இருக்கும் பேஸ் பிளேட், சுவர்மேல் முழுசாக உட்காரவில்லை. ஒரு ஓரம் மட்டும் கான்கிரீட்டில் பட்டது, மறு ஓரத்தில் விரல் நுழையும் சந்து. எவனோ அதில் கல் சில்லைச் செருகி மறைத்திருந்தான். அவன் சில்லை எடுத்துப் போட்டான், தகடு வைத்துச் சரிசெய்தான், கலவை கொண்டுவரச் சொல்லி அடைத்தான். அப்புறம்தான் "வுடு" என்றான். கீழே இறங்கியதும் என்னால் டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை. அவன்தான் பிடித்துக் குடிக்க வைத்தான்.

"அம்மாம் நேரம் ஏன்டா?" என்றேன்.

"நீ புடிச்சிருக்கன்னு தெரியும்டா. அதான் நிதானமா பண்ணேன்" என்றான்.

தம்பிகளே, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு வாக்கியம்தான்.

நீளமான டிரஸ்ஸுக்கு ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் நீள்வட்ட ஓட்டை விடுவோம். வெயிலில் இரும்பு நீளும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் சுவரைத் தள்ளிவிடும். அவன் எப்போதும் அந்த நகரும் பக்கத்தில்தான் நிற்பான். "நீ இறுக்குற பக்கம், நா நவுர்ற பக்கம்" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் நிஜமாகவே நகர்ந்து போவான் என்று நான் நினைக்கவில்லை.

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அவன் அப்பா வீட்டில் பத்துப் பேர். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அவன் மனைவி ஜமீலா ஆசைப்பட்டாள். அவனுக்கு வளைகுடாவில் இதே டிரஸ் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று அவனுடைய பெரிய பையின் ஒரு காதை நானும் ஒரு காதை அவனும் பிடித்துக்கொண்டு, கடற்கரைச் சாலை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"என் வூட்டுக்கு ரூஃபு நீதான் போடணும். வேற எவனும் ஏறக் கூடாது. ஷீட் ஏறுன அன்னிக்கு வேலை வேணாம்னு லெட்டர் குடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் போவ மாட்டேன்."

பஸ் வந்தது, அவன் ஏறினான். பையின் காது இன்னும் என் கையில் இருந்தது. அவன் "வுடு" என்று சொல்லவில்லை, பஸ் நகர்ந்ததில் அது தானாகக் கையை விட்டுப் போனது. அன்றைக்கு மத்தியானம் நான் வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு எதிர்ச்சுவரில் எத்தனையோ பேர் நின்றார்கள். நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் நான் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்து, அவன் இல்லை என்று மறுபடியும் தெரிந்துகொள்வேன். இப்படி ஒரு மனுஷனுக்காக ஏங்குவதை எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன். எனக்கு அவன் வேண்டும் என்றிருந்தது.

அவன் போன ஆறாம் வருஷம் வீடு எழும்பியது. உப்பளத்தை ஒட்டிய மனை. கீழே வீடு முடிந்து ஜமீலாவும் பிள்ளைகளும் குடிவந்துவிட்டார்கள். மாடியில் பில்லர் எழுப்பி, அதன்மேல் ஐந்து டிரஸ், ஷீட் கூரை. ஐந்தே ஐந்து டிரஸ் ஏறினால் அவன் வந்துவிடுவான். நான் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கரையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காலையில் காற்று நிலத்திலிருந்து மெதுவாக வரும். மத்தியானம் அது திரும்பி, கடலிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். உப்பு விளைய அந்தக் காற்று வேண்டும். எங்களுக்கு அதுதான் எமன். அதனால் காற்று திரும்புவதற்குள் ஏற்றிய டிரஸ்ஸுக்கெல்லாம் கிராஸ் மாட்டிவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் ஏற்றவே கூடாது. இந்த விதியை நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஏற்றிய நாள் வெள்ளிக்கிழமை. அவனுக்கு அன்றுதான் லீவு. ஜும்மா தொழுகை முடிந்து, நம்ம ஊரு நேரம் இரண்டு மணி வாக்கில் வீடியோ கால் போடுவான். அன்றைக்கு அவனுக்குக் கூரையைக் காட்ட வேண்டும் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் இரும்பு ஏற்றிய லாரி லேட்டாக வந்தது. ஐந்தையும் தூக்கி நிறுத்தும்போதே பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கடல் பக்கத்து இரண்டுக்கு மட்டும் கிராஸ் மாட்டியிருந்தோம். மற்ற மூன்றுக்கும் காலில் நட்டைக் கையால் திருகிவிட்டு, அந்த இரண்டோடு குறுக்குச் சட்டங்களால் இணைத்திருந்தோம். பர்லின் என்போமே, ஷீட் உட்காரும் சட்டம், அவ்வளவுதான்.

ஆட்களில் மூன்று பேர் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். "நாங்க தொழுதுட்டு, சாப்புட்டு வந்து கிராஸ் மாட்டிடுறோம்ணே. அதுவரைக்கும் மேல எதயும் வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நான் வைத்தேன். கடைசி இரண்டு டிரஸ்ஸுக்கு மேலே மூன்று ஷீட் ஏற்றினேன். மாடிப்படியில் நின்று போனைப் பிடித்தால் அந்த மூலைதான் தெரியும். பத்து வருஷமாக என்னோடு இருந்த செல்வம், "அவங்க வரட்டுமேண்ணே" என்றான்.

"நீ எனக்குச் சொல்லிக் குடுக்குறியா? ஏறுடா" என்று எரிந்து விழுந்தேன்.

கால் வந்தது. ஜமீலா பக்கத்தில் நின்றிருந்தாள். நான் போனைத் திருப்பி ஷீட்டைக் காட்டினேன். அவன் முகம் திரைக்குள் பெரிசாக வந்தது. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஏறிடுச்சாடா?"

"ஏறிடுச்சு."

"கிராஸ் காட்டு."

போனைக் கொஞ்சம் கடல் பக்கம் நகர்த்தி, மாட்டியிருந்த அந்த ஒரே கிராஸை மட்டும் காட்டினேன்.

"எல்லாத்துக்கும் போட்டாச்சா?"

"போட்டாச்சுடா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பொய். அவன் அதை அப்படியே நம்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரிடா. நாளைக்கே லெட்டர் குடுத்துடுறேன்" என்றான். போனை வைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த நல்ல நாளிலும் நான் அனுபவித்ததில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பு செய்யும்போது மனசு குத்தும் என்பார்கள். எனக்குக் குத்தவில்லை, இனித்தது.

அரை மணி நேரம் இருக்கும். காற்று திரும்பியது. முதலில் ஷீட் ஒரு தடவை படபடத்தது. அப்புறம் பர்லின் போல்ட்டுகள் கீச்சென்றன. கடைசி டிரஸ்ஸின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன், டிரஸ் நேராக நிற்கிறதா என்று பார்க்க. அது தளத்தில் போட்டிருந்த குறியை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. காற்றில் குண்டு ஆடினால் போய்த் திரும்பி வரும். இது வரவில்லை. சாய்ந்தது டிரஸ்.

மேலே செல்வம் உட்கார்ந்திருந்தான். கீழே வீட்டுக்குள் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் முதலில் செய்ததும் தப்புதான். கடைசி டிரஸ்ஸின் உச்சியில் கட்டியிருந்த கயிற்றைக் கடல் பக்கத்து பில்லரில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்து நிமிர்த்தப் பார்த்தேன். அவன் வர வேண்டும், இது நிமிர வேண்டும், அவ்வளவுதான் மண்டையில். இழுக்க இழுக்க மூன்றாவது டிரஸ்ஸின் கால், பிளேட்டோடு மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. இதை நிமிர்த்த முடியாது. கிராஸ் இல்லாத மூன்றும் சாயும்போது பர்லின் வழியாக நல்ல இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இணைப்பைக் கழற்றிவிட்டால் கடல் பக்கத்து இரண்டும் நிற்கும். மற்ற மூன்றும் போகும். அவன் வருவதும் போகும்.

"செல்வம், ரெண்டாவது டிரஸ்ஸுக்கு வந்துடு. அங்க குந்திக்கினு பர்லினைக் கழட்டு" என்று கத்தினேன். ஜமீலாவைக் கூப்பிட்டேன். அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, அவர்களை வரப்பில் நிறுத்திவிட்டு, சொல்லச் சொல்லக் கேட்காமல் திரும்பி வந்து படியில் பாதி ஏறி நின்றாள். சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் கிராஸ் போட்டாச்சுன்னு அவுருகிட்ட சொன்னீங்களேண்ணே?"

நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

செல்வம் எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டு, ஏணியில் இறங்கிக் கடல் பக்கத்து ஓரத்துக்கு ஓடினான். இனி நான் கயிற்றை விட வேண்டியதுதான். பில்லரில் சுற்றியிருந்த கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் விட முடியவில்லை. பழக்க தோஷம், எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. விட்டால் அவன் வரமாட்டான். பிடித்துக்கொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஜமீலாவுக்கு எங்கள் சட்டம் தெரியும். அவன் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். ஆறு வருஷமாகப் புருஷனுக்காகக் காத்திருந்தவள் அவள். எனக்கு இருந்த ஆசையைவிட அவளுக்குப் பத்து மடங்கு இருந்திருக்கும். அவள்தான் சொன்னாள், கத்தாமல், சாதாரணமாக.

"வுடுங்கண்ணே."

விட்டேன். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தளத்தில் விழுந்தன. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைந்தது. யார் மேலும் ஒரு கீறல்கூட இல்லை. கிராஸ் மாட்டிய இரண்டும் அந்தக் காற்றில் ஒன்றுமே நடக்காதது போல் நின்றன. தொழுகை முடிந்து வந்த மூன்று பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொழுது சாய்வதற்குள் நானே அவனுக்குப் போன் போட்டேன். பொய் சொன்னதிலிருந்து விழுந்தது வரை எல்லாம் சொன்னேன்.

"யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

"இல்ல."

"பர்லினைக் கழட்டுனியா?"

"கழட்டுனேன்."

"யாரு வுடச் சொன்னா?"

"ஜமீலாதான்."

அப்புறம், "அதெப்படிடா எங்கிட்ட பொய் சொன்ன?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "நீ வரணும்னுதான்டா" என்றேன். அந்தப் பக்கம் அவன் அழுதது கேட்டது.

அவன் லெட்டர் கொடுக்கவில்லை. விழுந்ததைச் சரிசெய்யும் செலவுக்காக இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான். நான் டிரஸ்களைச் சரிசெய்து மறுபடி ஏற்றினேன். இந்த முறை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் கிராஸ் மாட்டிய பிறகே அடுத்தது. அந்தக் கூரை எத்தனையோ புயலைப் பார்த்துவிட்டது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷம் முடிந்ததும் பெரியவளின் படிப்பு வந்தது, அப்புறம் கல்யாணம், அப்புறம் சின்னவள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். லீவுக்கு வருவான், போவான். நான் கிராஸ் மாட்டியிருந்தால் அன்றே வந்திருப்பானா என்று ஜமீலாவிடம் ஒரு தடவை கேட்டேன். "அத நெனச்சா சோறு எறங்காதுண்ணே. வுடுங்க" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து இரண்டாம் தடவை கேட்டேன்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். கிராஸை மறந்துவிடுபவன் குறைவு. தெரிந்தே தள்ளிப்போடுபவன்தான் அதிகம். அவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். கிரகப்பிரவேசத் தேதி, வீட்டுக்காரர் அவசரம், மழை, பாசம். எதுவாக இருந்தாலும் காற்றுக்கு அது தெரியாது. வேலையில் எதற்காகவோ மனசு துடிக்கிறது என்றால், அன்றைக்கு உங்கள் கண்ணை நீங்களே நம்பாதீர்கள். வேறு ஒருவரை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன மாதம் அவன் லீவு முடிந்து கிளம்பினான். முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். எனக்கு முட்டி வலி, அவனுக்கு இடுப்பு. ஏணி வைத்து அவன் நகரும் பக்கம் ஏறி, துருப்பிடித்த நட்டு ஒன்றை மாற்றினான். நான் இந்தப் பக்கம் சும்மா டிரஸ்ஸில் கை வைத்து நின்றேன். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவன் முடித்துவிட்டு "வுடு" என்றான். நான் எடுத்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் பழையபடி பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வந்தது. அவன் படியில் ஒரு காலை வைத்தான், திரும்பினான், என் கையைப் பார்த்தான்.

"வுடுடா" என்றான். அந்த இடத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எதிர்ச்சுவர்க்காரன் சொல்லிவிட்டால் உடனே கையை எடுக்க வேண்டும். எங்கள் சட்டத்தின் மறுபாதி அது. டிரஸ்ஸில் அதை மீறினால் விரல் போய்விடும். நீங்கள் யாரும் மீறாதீர்கள்.

நான் விடவில்லை.

"யோவ் பெரியவரே, ஏறுறீங்களா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். அவன் என்னை முறைத்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. அவன் என்னைத் திட்டிக்கொண்டே வந்து நிழற்குடையில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். பை நடுவில் இருந்தது, காதுகள் ஆளுக்கொரு கையில். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.